அய்யா சொல்லாமல் விட்ட நாட்கள்: நினைவில் இல்லாததை எழுதுவது எப்படி

எங்கள் அய்யா 1942இல் பர்மாவின் ரங்கூனிலிருந்து நடந்து வந்தவர். (சிவகங்கைப் பக்கம் எங்கள் வீட்டில் தாத்தாவை அய்யா என்போம்.) அங்கே மொகல் தெருவில் ஒரு வட்டிக்கடையில் அடுத்தாளாக, அதாவது உதவியாளராக இருந்தார். அந்தப் பயணத்தைப் பற்றி அவர் சாகும்வரை சொன்னது ஐந்தே வாக்கியம். "சிவராத்திரிக்கு மறுநாள் கிளம்பினோம். புரோம் வரைக்கும் ரயில். அப்புறம் நடை. தண்ணிதான் கிடைக்கல. கூட வந்தவனை வழியில விட்டுட்டு வந்துட்டேன்." மேற்கொண்டு ஏதாவது கேட்டால் வெற்றிலைப் பெட்டியைத் திறந்துவிடுவார்.

இதை எழுத வேண்டும் என்று உட்கார்ந்தபோது, ஐந்து வாக்கியத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று திகைத்துப் போனேன். கற்பனை கலந்தால் பொய்யாகிவிடுமோ என்று பயம். கலக்காவிட்டால் எழுத ஒன்றுமே இல்லை. குடும்பக் கதையோ ஊர்க் கதையோ சொந்த வாழ்க்கையோ எழுதத் தொடங்கும் எல்லோரும் இந்த இடத்தில் வந்து நிற்கிறார்கள். நான் இரண்டு மூன்று வருஷம் தடுமாறிக் கற்றுக்கொண்ட வழியை, செய்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதல் வேலை: நினைவை அப்படியே இறக்கிவையுங்கள்

எதையும் தேடாதீர்கள், யாரிடமும் கேட்காதீர்கள். ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்து, உங்களுக்கு நினைவில் இருப்பதை மட்டும் எழுதி முடியுங்கள். வரிசை வேண்டாம், அழகு வேண்டாம். முடித்ததும் தேதி போடுங்கள். பின்னால் புகைப்படமும் பத்திரமும் பார்த்த பிறகு, எது உங்கள் சொந்த நினைவு, எது பார்த்துத் தெரிந்துகொண்டது என்று பிரிக்கவே முடியாது. அதனால்தான் இது முதலில்.

அடுத்து, அதே நோட்டில் ஒரு பக்கத்தை மூன்று பத்தியாகக் கோடு கிழித்துப் பிரியுங்கள். தெரிந்தது, கேட்டது, ஊகித்தது. எழுதிய ஒவ்வொரு செய்தியையும் இதில் ஒன்றில் போடுங்கள். "தெரிந்தது" என்ற பத்தி எவ்வளவு சிறியது என்று பார்த்தால் மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். என் நோட்டில் அதில் இரண்டே வரி இருந்தது. அய்யாவின் வலது பாதத்தில் ஒரு பழைய வெட்டுத் தழும்பு. அவர் எங்கே போனாலும் ஒரு செம்புத் தண்ணீர் கூடவே போகும். இரண்டும் நானே பார்த்தவை. மற்றதெல்லாம் கேட்டவை. சரி, அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. எது எந்தப் பத்தியில் இருக்கிறது என்று தெரிந்தால் போதும், வேலை நடக்கும்.

பெரியவர்களிடம் கேட்கும் முறை

இங்கேதான் புதிதாக எழுத வருபவர்கள் நல்ல எண்ணத்தோடு தப்புச் செய்கிறார்கள். "அய்யா ரொம்பக் கஷ்டப்பட்டு வந்தாருல்ல?" என்று கேட்டால் "ஆமா, ரொம்பக் கஷ்டம்" என்றுதான் பதில் வரும். கேள்விக்குள்ளேயே பதிலை வைத்துவிட்டோம். இதைவிட மோசம், நம் கேள்வி அவர்களுடைய நினைவையே மாற்றிவிடும். அமெரிக்க உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ் 1974இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. கார்கள் மோதுகிற படம் ஒன்றைக் காட்டி, ஒரு குழுவிடம் கார்கள் "இடித்தபோது" என்ன வேகம் என்றும், இன்னொரு குழுவிடம் "மோதி நொறுங்கியபோது" என்ன வேகம் என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டபோது, முதல் குழுவில் 50 பேரில் 7 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். "நொறுங்கிய" என்ற சொல்லைக் கேட்ட குழுவில் 50 பேரில் 16 பேர். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. கேள்வியில் இருந்த ஒரு வினைச்சொல் செய்த வேலை அது.

அதனால் பொருளைப் பற்றிக் கேளுங்கள், உணர்ச்சியைப் பற்றிக் கேட்காதீர்கள். "வந்து சேர்ந்தபோது கையில் என்ன இருந்தது?" "காலில் என்ன போட்டிருந்தார்?" "வந்த அன்றைக்கு வீட்டில் என்ன சமைத்தார்கள்?" இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் எங்கள் அத்தை, அப்பத்தா சொன்னதாக ஒரு செய்தி சொன்னார். அய்யா சோற்றைத் தொடாமல் நீராகாரத்தை மட்டும் சொம்பு சொம்பாகக் குடித்தாராம். "கஷ்டப்பட்டாரா" என்று கேட்டிருந்தால் இது வந்திருக்காது.

இரண்டு பேரிடம் கேட்பதாக இருந்தால் தனித்தனியாகக் கேளுங்கள். கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது கேட்டால், சத்தமாகப் பேசுகிறவர் சொல்வதே எல்லோருடைய நினைவாகவும் ஆகிவிடும். அனுமதி கேட்டு செல்போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். பழைய படங்களைக் கடைசியில் காட்டுங்கள்.

காகிதங்களைத் தேடுவது

கற்பனைக்குப் போவதற்கு முன் ஆதாரத்தால் எவ்வளவு தூரம் போக முடியும் என்று பார்த்துவிட வேண்டும். நம் வீடுகளில் காகிதம் இல்லை என்று நினைக்காதீர்கள். மொய் நோட்டு இருக்கும். ஜாதகம், நிலப் பத்திரம், அடகுச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை, தபால் கார்டு இருக்கும். எனக்குக் கிடைத்த மிகப் பெரிய ஆதாரம் ஒரு மொய் நோட்டுதான். சித்திரபானு வருஷம் வைகாசியில் நடந்த ஒரு கல்யாணத்தில் அய்யா பேருக்கு நேரே ஒரு ரூபாய் எழுதியிருக்கிறது. சித்திரபானு என்பது 1942 ஏப்ரலில் பிறந்த வருஷம். அப்படியானால் அந்த மே, ஜூனுக்குள் ஊர் வந்து சேர்ந்துவிட்டார். இந்த ஒரு வரி, ஐந்து வாக்கியத்துக்கு ஒரு எல்லைக்கோடு போட்டுக் கொடுத்தது.

பள்ளிச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதியை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். அந்தத் தலைமுறையில் பலருக்குப் பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதிதான் பிறந்த தேதி.

வீட்டுக்கு வெளியே என்றால், சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் கன்னிமாரா நூலகமும், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் இருக்கின்றன. இலங்கைத் தமிழர் கதை என்றால் "நூலகம்" என்ற பெயருள்ள இணையதளத்தில் ஏராளமாகக் கிடைக்கும். அந்த மாதத்துச் செய்தித்தாளை ஒரு நாள் முழுக்கப் புரட்டுங்கள். விளம்பரங்களையும் படியுங்கள்.

இப்படித் தேடியதில் எனக்குக் கிடைத்த பின்னணி இது. ரங்கூனில் முதல் ஜப்பானியக் குண்டு 1941 டிசம்பர் 23 அன்று விழுந்தது. அன்றைய ரங்கூனில் பாதிக்கு மேல் இந்தியர்கள். பல லட்சம் பேர் பர்மாவை விட்டுக் கிளம்பினார்கள். கப்பலில் இடம் கிடைக்காதவர்களில் ஒரு பகுதியினர் புரோம் வரை ரயிலில் போய், ஐராவதி ஆற்றைத் தாண்டி, அரக்கான் மலையைக் கடந்து டவுங்கப் என்ற கடற்கரை ஊருக்கு நடந்தார்கள். நூறு மைலுக்கு மேல். வழியில் தண்ணீர்ப் பஞ்சம், காலரா. அங்கிருந்து படகில் அக்யாப், பிறகு சிட்டகாங், கல்கத்தா, மதராஸ். மார்ச் 8இல் ஜப்பானியர் ரங்கூனுக்குள் நுழைந்துவிட்டார்கள். அய்யாவின் "புரோம் வரைக்கும் ரயில், அப்புறம் நடை, தண்ணிதான் கிடைக்கல" என்பது இந்த வழியோடு அப்படியே பொருந்துகிறது. அவர் வாயிலிருந்து டவுங்கப் என்ற பெயரை யாரும் கேட்டதில்லை. ஆகவே டவுங்கப் என் நோட்டில் "ஊகித்தது" என்ற பத்தியில்தான் இருக்கிறது, இன்றுவரை.

பஞ்சாங்கத்தையும் பாருங்கள். இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. என் முதல் வரைவில், அவர் கிளம்பிய இரவில் ரங்கூன் ரயில் நிலையத்தின் மேல் நிலா காய்வதாக எழுதியிருந்தேன். அத்தை படித்துவிட்டு, "சிவராத்திரிக்கு மறுநாள்னா நிலா ஏதுப்பா?" என்று கேட்டார். சிவராத்திரி என்றாலே அமாவாசையை ஒட்டிய இரவு. 1942இல் அது பிப்ரவரி நடுவில் வந்தது. நான் மிகவும் விரும்பி எழுதிய பத்தி அது, முழுக்க அடித்தேன். ஆனால் அதே கணக்கு வேறொன்றைக் கொடுத்தது. மார்ச் 3ஐ ஒட்டிப் பௌர்ணமி. அவர் மலையில் இருந்திருக்கக்கூடிய நாட்கள் அவை. நிலாவை ரயில் நிலையத்திலிருந்து எடுத்து மலைப்பாதையில் வைத்தேன். கற்பனை ஆதாரத்துக்குக் கட்டுப்பட்டால் வறண்டு போகும் என்று பயப்படுகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். எனக்கு நல்ல காட்சி கிடைத்ததே கட்டுப்பட்ட பிறகுதான்.

எந்த இடைவெளியை நிரப்பலாம்?

இப்போது மிச்சம் இருக்கும் ஓட்டைகளைப் பாருங்கள். எல்லாம் ஒரே மாதிரி இருக்காது.

சில ஓட்டைகள் சூழலைப் பற்றியவை. வெயில், காடு, பாதை, சாப்பாடு. இவற்றை ஆதாரத்தை வைத்துத் தாராளமாக நிரப்பலாம். அரக்கான் மலையில் மூங்கில் காடு உண்டு என்பது தெரிந்தபின், அய்யா மூங்கில் காட்டுக்குள் நடந்தார் என்று நினைப்பதில் தவறில்லை.

சில ஓட்டைகள் நிகழ்ச்சியைப் பற்றியவை. பெட்டி என்ன ஆனது, படகுக்குப் பணம் யார் கொடுத்தது. இங்கே ஊகிக்கலாம், ஆனால் ஊகம் என்று படிப்பவருக்குத் தெரிய வேண்டும்.

மூன்றாவது வகையில்தான் நான் மிகவும் தயங்குகிறேன். ஒருவர் மனதில் என்ன இருந்தது, ஒருவர் இன்னொருவருக்கு என்ன செய்தார் என்பவை. "கூட வந்தவனை வழியில விட்டுட்டு வந்துட்டேன்." அவன் செத்துப்போனானா? காலராவில் படுத்தவனை விட்டுவிட்டு நடந்தாரா? கூட்டத்தில் தவறவிட்டாரா? தமிழில் "விட்டுட்டு" என்ற சொல் இந்த மூன்றுக்கும் இடம் கொடுக்கும். எனக்குப் பிடித்த அர்த்தத்தை எடுத்து எழுதினால், அய்யாவை நான் நல்லவராக்கலாம், கெட்டவராக்கலாம். அவன் யாரோ ஒருத்தியின் மகன். அவனுக்கு நான் ஒரு சாவை எழுத முடியாது. இந்த இடைவெளியை நிரப்பவில்லை. ஒரு பத்தியில், இந்த மூன்று அர்த்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அவர் சொன்ன வாக்கியத்தை அவர் சொன்னபடியே கொடுத்துவிட்டு மேலே போய்விட்டேன்.

உங்கள் கதையிலும் இப்படி ஒன்று இருக்கும். அதைக் கண்டுபிடித்து, தொடாமல் விடுங்கள்.

வினைமுற்றைப் பயன்படுத்துங்கள்

ஊகம் என்று படிப்பவருக்கு எப்படித் தெரிவிப்பது? அடிக்குறிப்பு வேண்டாம். "ஒருவேளை" என்று வரிக்கு வரி போடவும் வேண்டாம். நம் மொழி இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. ஒரு செய்தி நமக்கு எப்படித் தெரிந்தது என்பதைத் தமிழ் வினைச்சொல்லின் கடைசியிலேயே சொல்லிவிடலாம்.

"நடந்தார்" என்றால் எனக்குத் தெரியும், பொறுப்பு என்னுடையது. "நடந்தாராம்" என்றால் யாரோ சொல்லிக் கேட்டேன். "நடந்திருக்க வேண்டும்" என்றால் ஆதாரம் அந்தப் பக்கம் கை காட்டுகிறது. "நடந்திருப்பார்" என்றால் ஆளைத் தெரிந்தவன் என்ற முறையில் நான் ஊகிக்கிறேன். "நடந்திருக்கலாம்" என்றால் வாய்ப்பு உண்டு, வேறு மாதிரியும் ஆகியிருக்கலாம்.

நம் பாட்டிமார் எந்த இலக்கணமும் படிக்காமல் இதைப் பிசகாமல் பேசினார்கள். "அவ அழுதா" என்பதும் "அவ அழுதாளாம்" என்பதும் அவர்களுக்கு ஒன்றில்லை. எழுத உட்காரும்போது நாம்தான் எல்லாவற்றையும் "ஆர்" என்று முடித்துவிடுகிறோம். நோட்டில் போட்ட மூன்று பத்தியையும் இந்த விகுதிகளோடு பொருத்திவிட்டால் பாதி வேலை முடிந்தது. என் கட்டுரையிலிருந்து ஒரு பத்தி:

"புரோமில் ரயிலை விட்டு இறங்கினார். மலைப்பாதை ஆற்றுக்கு அந்தப் பக்கம் தொடங்குகிறது. ஐராவதியைப் படகில்தான் கடந்திருக்க வேண்டும். தலையில் ஒரு டிரங்குப் பெட்டி இருந்ததாம், அப்பத்தா அத்தையிடம் சொன்னது. ஏற்றத்தில் அதை எங்கேயோ போட்டிருப்பார். ஊர் வந்து சேர்ந்தபோது கையில் ஒரு துணி மூட்டை இருந்ததாம்."

ஆறு வாக்கியம். அவரே சொன்னது, ஆதாரம் காட்டுவது, கேட்டது, ஊகம் எல்லாம் கலந்திருக்கின்றன. ஆனால் எது எது என்று படிப்பவர் குழம்ப மாட்டார்.

இதிலும் ஓர் ஆபத்து உண்டு. நீளமான காட்சி முழுவதையும் "இருப்பார், இருப்பார்" என்று எழுதினால் படிப்பவர் களைத்துவிடுவார். அதற்கு நான் கண்ட வழி, வாசலைத் திறந்து மூடுவது. கற்பனைக்குள் போகும்போது ஒரு முறை தெளிவாகச் சொல்லிவிட்டு, உள்ளே நிகழ்காலத்தில் தடையில்லாமல் எழுதி, வெளியே வரும்போது இன்னொரு முறை சொல்லிவிட வேண்டும். இப்படி:

"அந்த இரவை நான் நினைத்துப் பார்க்கிறேன். பௌர்ணமியை ஒட்டிய நாள். பகல் வெயிலுக்குப் பயந்து ராத்திரியில் நடக்கிறார்கள். மூங்கிலுக்கு நடுவே தடம் வெளிறித் தெரிகிறது. முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்துக்கொண்டே அய்யா கால் வைக்கிறார். செம்பில் அரைச் செம்பு தண்ணீர். குடிக்கவில்லை, அது இருக்கிறதா என்று அடிக்கடி ஆட்டிப் பார்க்கிறார். நான் அங்கே இல்லை. இதை அவர் சொன்னதும் இல்லை. அவர் சொன்னது, தண்ணி கிடைக்கவில்லை என்பது மட்டும்."

செம்பை நான் எங்கிருந்து எடுத்தேன் என்று கவனித்திருப்பீர்கள். "தெரிந்தது" பத்தியில் இருந்த இரண்டு வரியில் ஒன்று. கற்பனைக் காட்சியில் ஒரு பொருளாவது நீங்கள் கண்ணால் பார்த்ததாக இருக்கட்டும். காட்சிக்கு அது பாரம் கொடுக்கும்.

பேச்சை எழுதுவது

மேற்கோள் குறி என்பது ஒரு வாக்குறுதி. அதற்குள் இருப்பதை அவர் சொன்னார் என்று சத்தியம் செய்கிறோம். சரியான சொற்கள் நினைவில்லை என்றால் குறியை எடுத்துவிடுங்கள். "கிளம்பிவிடலாம் என்று யாரோ சொன்னார்களாம்" என்று எழுதினால் ஒன்றும் கெட்டுப்போகாது. நினைவில் நிற்கும் ஒன்றிரண்டு வாக்கியத்தை மட்டும் குறிக்குள், பேசிய வழக்கிலேயே வையுங்கள். குறைவாக இருப்பதால் அவை கூடுதலாகக் கேட்கும்.

காலத்துக்கு ஒவ்வாத பொருட்கள்

வரைவு முடிந்ததும் ஒரு முறை பொருட்களுக்காக மட்டும் படியுங்கள். 1957 ஏப்ரலுக்கு முன்னால் நயா பைசா கிடையாது, அணாவும் காலணாவும்தான். 1942இல் பர்மாவிலும் ரூபாய்தான் செலாவணி. கியாட் என்ற பர்மிய நாணயம் வந்தது 1952இல். ஐ.ஆர்.8 நெல் 1966க்குப் பிறகு. 1969 ஜனவரி வரை நம் மாநிலத்தின் பெயர் மதராஸ். தூரத்தை மைலில் சொல்லுங்கள். பிளாஸ்டிக் குடம் எந்த வருஷம் உங்கள் ஊருக்கு வந்தது என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள், சுவையான பதில் கிடைக்கும். இந்தச் சின்னப் பிழை ஒன்று கண்ணில் பட்டால், படிப்பவர் பெரிய விஷயங்களையும் சந்தேகப்படுவார்.

கூட்டி எழுதாதீர்கள்

இடைவெளியை நிரப்புவது வேறு, தெரிந்ததை மாற்றுவது வேறு. அமெரிக்காவில் 2003இல் ஒரு தன்வரலாறு வெளிவந்து லட்சக்கணக்கில் விற்றது. சில மணி நேரம் காவலில் இருந்ததை 87 நாள் சிறை என்று அதன் ஆசிரியர் எழுதியிருந்தது 2006இல் வெளிப்பட்டது. ஏமாந்த வாசகர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரும் நிலை பதிப்பகத்துக்கு வந்தது. அவர் மறந்துபோய் எழுதவில்லை. நினைவில் இருந்ததைப் பெரிதாக்கினார். என் விஷயத்தில், அய்யா எத்தனை நாள் நடந்தார் என்று எனக்குத் தெரியாது. நாற்பது நாள் என்று எழுத ஆசை வந்தது, அந்த எண்ணுக்கு ஒரு கம்பீரம் இருக்கிறது. எழுதவில்லை. பிப்ரவரி நடுவில் கிளம்பினார், வைகாசியில் மொய் எழுதினார் என்று மட்டும் எழுதினேன். அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் நீளத்தைப் படிப்பவரே உணர்வார்.

கட்டுரையின் தொடக்கத்தில் இரண்டு வரிக் குறிப்பு ஒன்று போடுங்கள். எது குடும்பத்தில் கேட்டது, எந்த இடங்களில் கற்பனை செய்தேன் என்று. வெட்கப்பட ஒன்றும் இல்லை.

கடைசி வேலை: வீட்டில் படித்துக் காட்டுங்கள்

அச்சுக்கோ இணையத்துக்கோ போவதற்கு முன் கதையில் வருகிற, உயிரோடு இருக்கிற ஒவ்வொருவருக்கும் படித்துக் காட்டுங்கள். அவர்களைப் பற்றிய பகுதியை எடுத்துவிடச் சொன்னால் எடுத்துவிடுங்கள் என்பது என் கருத்து. எல்லா எழுத்தாளர்களும் இதை ஏற்க மாட்டார்கள். ஆனால் கட்டுரை முடிந்தபிறகும் நாம் அதே வீட்டுக்குத்தான் தீபாவளிக்குப் போக வேண்டும்.

படித்துக் காட்டுவதில் இன்னொரு பலனும் உண்டு. தப்பான காட்சி சரியான நினைவைக் கிளப்பிவிடும். நான் அத்தைக்கு முழுவதையும் வாசித்தேன். நிலாவைத் திருத்தியவர், மலைப்பாதையில் ஒன்றும் சொல்லவில்லை. கூட வந்தவனைப் பற்றிய பத்தி வந்தபோது நிறுத்தச் சொன்னார். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம், "தேவகோட்டைப் பக்கம் ஒரு ஊரைச் சொல்லி, அங்க ஒரு வீட்டுக்கு ஒரு தடவை போயிட்டு வந்தாருன்னு அப்பத்தா சொல்லும். எந்த ஊருன்னு ஞாபகம் இல்லப்பா. வந்து ரெண்டு நாளு சாப்பிடலையாம்" என்றார்.

இத்தனை வருஷத்தில் அதை அவர் சொன்னதே இல்லை. நோட்டை எடுத்து, "கேட்டது" என்ற பத்தியில், அன்றைய தேதி போட்டு, அவர் சொன்ன சொற்களிலேயே எழுதிக்கொண்டேன்.